பூட்டச் சொன்ன மெடம்

அந்த மெடம் எங்கள் மையத்துக்கு முதன்முதலாக வந்த அன்று, வந்து கால் மணி நேரத்துக்குள் நான் அவரை ஓர் அறைக்குள் விட்டு வெளியே பூட்டினேன். அரசாங்க உத்தியோகத்தரை அடைத்துவைத்தால் எத்தனை வருஷம் உள்ளே போடுவார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பூட்டச் சொன்னவர் அவரேதான்.

"புதுசா வாற ஆக்களை முதல் மூண்டு நாளும் இதுக்குள்ளைதானே வைக்கிறனீங்கள்?"

"ஆமாங்க மெடம்."

"அப்ப என்னை உள்ளுக்கை விட்டுப் பூட்டும். நான் ஒருக்காக் கூப்பிடுவன். ஒருக்காத்தான். அதுவரைக்கும் நீர் போய் உம்மடை வேலையைப் பாரும்."

பூட்டினேன். போய் மேசையில் உட்கார்ந்து, ரெஜிஸ்டரைத் திறந்து, தலைகீழாக வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். சற்று நேரத்தில் உள்ளே இருந்து, "ஆரும் இருக்கிறியளோ?" என்று சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கும் குரல். நான் பாய்ந்து போய், சாவி தொங்கும் ஆணியைப் பிடித்தேன். ஆணி இருந்தது. சாவி இல்லை. அது சமையல்கார முனியாண்டியின் இடுப்பில் இருந்தது. முனியாண்டி சட்டி கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போயிருந்தார்.

எனக்கு ஒரு வியாதி. பயம் வந்தால் வாய் நிற்காது. மற்றவர்களுக்குக் கை நடுங்கும், கால் நடுங்கும். எனக்கு நாக்குத்தான் நடுங்கும், அதுவும் சொல் சொல்லாக. கதவோடு வாயை வைத்துப் பேச ஆரம்பித்தேன். "மெடம், சாவி இருக்குங்க, இல்லாம இல்ல, ஆள்தான் இல்ல, இந்தா வந்துருவாரு, ரொம்ப நல்ல மனுசங்க, நீங்க டீ குடிக்கிறீங்களா?" பூட்டிய அறைக்குள் இருக்கும் மனுஷியிடம் டீ குடிக்கிறீர்களா என்று கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கவேண்டும். முனியாண்டி சாவியோடு ஓடிவந்தார்.

திறந்தபோது மெடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய கடிகாரம்.

"ஒன்பது நிமிசம்," என்றார். கொப்பியில் எழுதினார். "நான் சுகமான மனுசி. எனக்கே அஞ்சாவது நிமிசத்திலை கதவை உதைக்கலாம் போலை வந்திட்டுது. சத்தியும் வயித்தோட்டமுமாக் கிடக்கிறவனுக்கு எப்பிடி இருக்கும், கிளாக்கர்த் தம்பி?"

நான் வாயைத் திறந்தேன். "உதைப்பாங்க மெடம். போன மாசம் ஒருத்தன் உதைச்சு கீல் போயிருச்சு. அதுக்கப்புறம்தான் மொத்தமான பலகை போட்டோம்." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. அதையும் எழுதிக்கொண்டார்.

எங்கள் மையம் நோர்வூட் பக்கத்தில், ஒரு தோட்டத்தின் பழைய டிஸ்பென்சரிக் கட்டடத்தில் இருந்தது. கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன எங்கள் ஆட்களில் சிலர் தீபாவளிக்கு வரும்போது புதுச் சட்டையோடு தூளையும் பழகிக்கொண்டு வந்த காலம் அது. சிங்களத்தில் குடு, எங்களுக்குத் தூள், பொலிசுக்கு ஹெரோயின். பேர் எதுவானாலும் வீட்டுப் பித்தளைக் குடம் முதலில் போகும், பிறகு அக்காவின் தோடு, பிறகு ஆள். அவர்களைத் தெளியவைக்க, ஓய்வுபெற்ற தோட்டத்து மருந்தாளர் ஒருவர் ஊர் உதவியோடு இந்த இடத்தைத் தொடங்கினார். அவரை டொக்டர் ஐயா என்று எல்லோரும் கூப்பிட்டதால் வாசல் பலகையிலும் அப்படியே எழுதிவிட்டோம். கஞ்சி, கொத்தமல்லித் தண்ணி, கைகால் உளைச்சலுக்கு மாத்திரை, மாலையில் பஜனை. இதுதான் வைத்தியம். நான் தோட்டத்து ஒபிசில் கிளாக்கராக இருந்துவிட்டு இங்கே வந்தவன்.

பிறகு சட்டம் வந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் போயிருக்கும். இப்படிப்பட்ட இடம் நடத்துகிறவர்கள் எல்லோரும் அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். பதிந்த டொக்டர் ஒருவர் வந்து பார்க்கவேண்டும். உள்ளே இருப்பவன் தன் சம்மதத்தைத் தானே எழுதித் தரவேண்டும். அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது. எங்கள் பகுதிக்கு அதைப் பார்க்க அனுப்பப்பட்டவர்தான் மெடம். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதை ஒட்டிய வயது, நூல் சேலை, பழுப்புக் கம்பளிச் சட்டை. பேர் எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை. அவரே அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளமாட்டார்.

அவருக்குத் திணைக்களத்தில் ஜீப் உண்டு. ஆனால் பஸ்ஸில்தான் வருவார். எங்கள் பாதையில் வளைவுகளை எண்ண ஆரம்பித்தால் வயிற்றில் இருப்பது வெளியே வந்துவிடும். அவருக்கும் வந்தது. முதல் நாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் இறங்கி ஓரமாக நின்று சத்தியெடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "தூள் நிப்பாட்டி ரெண்டாம் நாள் வாறவனையும் இந்த பஸ்ஸிலைதான் கூட்டியாறியளோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப வந்து இறங்கினவுடனை அவனுக்குக் கேள்வி வேண்டாம். தண்ணி குடும்," என்றார். எங்கள் வழக்கம் வேறு. வந்து இறங்கியவுடனே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கவைத்ததுபோல் நிறுத்தி, பேர், தகப்பன் பேர், டிவிஷன், லய வீட்டு நம்பர் என்று நான் எழுத ஆரம்பிப்பேன். பாதி ரெஜிஸ்டரில் கறை இருந்தது ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

எதையும் தன் உடம்பில் போட்டுப் பார்க்காமல் எழுதமாட்டார். அதுதான் அவர். "எழுதிக்கிடக்கிறதை விடும், இருந்து பாப்பம்," என்பார். மார்கழிக் குளிரில் விடியற்காலை ஆறு மணிக்கு வந்து, கம்பளிச் சட்டையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, எங்கள் ஒற்றைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மூன்றாம் கட்டிலில் படுத்தார். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து அவரையே பார்த்தார்கள். ஒருத்தன், "அந்தம்மாவுக்கும் பழக்கமா சார்?" என்று என் காதில் கேட்டான். அரை மணி நேரம் கழித்து எழுந்தார். உதடு நீலம். "ஆளுக்கு ரெண்டு போர்வை," என்று எழுதினார். எழுத்து நடுங்கியிருந்தது. அந்தத் தாள் என்னிடம் கனகாலம் இருந்தது.

படுத்தபடியே ஒரு கையை நீட்டுவார். பக்கத்துக் கட்டில் தொட்டால், "இதை எடும்," என்பார். அப்படிக் கை நீட்டி நீட்டியே எங்கள் பதினொரு கட்டிலை எட்டாக்கிவிட்டார். அதிகபட்சம் எட்டுப் பேர். எழுத்தில் தந்துவிட்டார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

சம்மதப் பத்திரம் பெரிய கூத்து. எங்களிடம் இருந்த பத்திரம் இங்கிலீசில் இருந்தது. டைப் அடித்தவன் நான், வாசித்தவன் அல்ல. மெடம் பேனையை எடுத்து, "நான் இப்ப இங்கை வாற ஆள். சொல்லும், நான் எதுக்குக் கையெழுத்து வைக்கிறன்?" என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன். நாலாவது வரியில் மாட்டிக்கொண்டேன். தோட்டத்து ஸ்டோரில் கவ்வாத்துக் கத்தி, மருந்து டாங்கி எல்லாம் கொடுக்கும்போது எழுதும் பத்திரத்தைப் பார்த்துத்தான் நான் இதை அடித்திருந்தேன். அவசரத்தில் பொருள் என்று வந்த இடத்தை மாற்ற மறந்துவிட்டேன். மேற்படி பொருள் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது; சேதமேற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல. கீழே கையெழுத்தும் பொருளுடையது அல்ல. அக்காவோ அப்பாவோ வைத்த பெருவிரல். ஒருத்தர் வேலைக்குப் பேர் கொடுத்தால் வீடு முழுக்கப் பேர் கொடுத்த மாதிரி என்பது தோட்டத்துப் பழக்கம்.

சிரிப்பார் என்று நினைத்தேன். நான் சிரித்தேன். அவர் கடைசி வரி வரைக்கும் என்னை வாசிக்கவைத்தார்.

"போறவனுக்கு என்ன சொல்லி விடுறனீங்கள்?" இது இரண்டாம் வருகையில் கேட்ட கேள்வி.

"போயிட்டு வாங்கன்னு சொல்லுவோம் மெடம்."

"திரும்பி வரச் சொல்லிற இடமோ தம்பி இது?"

நான் இளித்தேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு என்னை உட்காரச் சொன்னார். அன்றைக்கு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. தூள் எடுத்துப் பழகிய உடம்பு கொஞ்ச நாள் எடுக்காமல் இருந்தால் பழைய பலம் போய்விடும். பழைய அளவு என்று நினைத்து ஒருத்தன் திரும்ப எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். எடுத்துக்கொண்டே இருக்கிறவனைவிட, நிற்பாட்டிவிட்டு ஒரு தடவை திரும்ப எடுக்கிறவனுக்குத்தான் ஆபத்து. ஆகவே வெளியே போகிற ஒவ்வொருவனுக்கும், அவன் வீட்டாருக்கும், அவனவன் பாஷையில், வாயால் சொல்லி, அவனைத் திருப்பிச் சொல்லவைத்து, எழுதியும் கொடுக்கவேண்டும். "இதுதான் சட்டத்திலை முக்கியமான இடம். மற்றதெல்லாம் கட்டிலும் போர்வையும்," என்றார்.

பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "கீழை ஓரிடத்திலை ஒருத்தன் உள்ளுக்கை கிடந்து கூப்பிட, சாவி வைச்சிருந்தவன் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறான். பன்ரண்டு நிமிசம்," என்றார். அந்தக் கதையின் மிச்சத்தை நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஆணியில் சாவி தொங்குகிறதா என்று பார்ப்பேன்.

நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

மூன்றாவது வருகையில்தான் அனுமதிப்பத்திரம் உண்டா இல்லையா என்பது தீரும். கட்டிலை எட்டாக்கினோம். போர்வை இரண்டிரண்டாக வாங்கினோம். அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டர் ஒருவர் கிழமைக்கு ஒரு தடவை வர ஒத்துக்கொண்டார். மெடம் சொன்னதை அப்படியே தமிழில் டைப் அடித்துச் சுவரில் ஒட்டினேன். எல்லாம் சரி. ஆள்தான் பதினொரு பேர்.

வாசலில் ஒரு தாய் வந்து நின்று அழுதால், எட்டுத்தான் கணக்கு, போய் அடுத்த மாதம் வாங்க என்று சொல்கிற நாக்கு எனக்கு இல்லை. மூன்று பேரைப் பாயில் படுக்கவைத்தோம். ரெஜிஸ்டரில் ஏற்றவில்லை. ஏற்றினால் எட்டு பதினொன்றாகிவிடும் அல்லவா.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் துரை விசிட் வரும் அன்று, தோட்டத்தில் பேர் பதியாதவர்கள் காலையிலேயே மலைப்பக்கம் ஏறிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். துரை வந்து பார்க்கும்போது ஒற்றை அறைக் காம்பிராவில் நாலு பேர்தான் இருப்பார்கள். அவர் போனதும் ஒன்பது பேர் சாப்பிடுவார்கள். இதில் யாருக்கும் வெட்கமில்லை. துரைக்கும் தெரியும். நானும் லயத்தில் பிறந்தவன்தானே. மெடம் வரும் அன்று காலை அந்த மூன்று பேர் கையிலும் ஆளுக்கொரு சாக்கைக் கொடுத்தேன். "கவ்வாத்து மலைக்குப் போயி மிலாறு பொறுக்குங்கப்பா. நாலு மணி பஸ்ல மெடம் ஏறுனதும் வாங்க." மிலாறு என்றால் கவ்வாத்து வெட்டிய மலையில் விழுந்து கிடக்கும் தேயிலைக் குச்சி, அடுப்புக்கு நல்லது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். ஆளும் மறைகிறது, விறகும் வருகிறது.

பகல் ஒரு மணிக்கு அந்த மூவரில் இரண்டு பேர் மட்டும் சமையல் குசினிப் பக்கமாக வந்து நின்றார்கள்.

"சார், லோகு பஸ்ல ஏறிட்டான்."

லோகுவுக்கு இருபத்தாறு வயது. கொழும்பில் இரும்புக் கடையில் நின்றவன். கொழுந்தெடுக்கும் அக்கா ஒருத்திதான் அவனுக்கு. அவள்தான் இழுத்துக்கொண்டு வந்து விட்டுப்போனவள். வந்து பதினொரு நாள். உளைச்சல் தணிந்து சோறு கேட்கத் தொடங்கியிருந்தான்.

"எங்க போறானாம்?"

"அட்டனுக்கு. ரெண்டு மணி கொழும்பு ரயிலப் புடிக்கப் போறேன்னு சொன்னான் சார். சட்டைக் கொலருக்குள்ள காசு தச்சு வச்சிருந்தான்."

மெடம் உள்ளே நாலாம் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்து, பகலில் சத்தம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணி வரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அனுமதிப்பத்திரம் வந்துவிடும். எட்டுப் பேருக்கும் இடம் இருக்கும், எனக்கும் வேலை இருக்கும். லோகு யார்? ரெஜிஸ்டரில் அப்படி ஒரு ஆளே இல்லை. இப்படி நான் யோசித்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். குசினிக்கும் வாசலுக்குமாக ஆறேழு தடவை நடந்தேன். முனியாண்டி, "கக்கூசு அந்தப் பக்கம் கிளாக்கரய்யா," என்றார்.

மெடம் சொன்ன அந்த ஆபத்தை அவனுக்கு நான் சொல்லவில்லை. அதுதான் என்னை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. போகிறவனுக்குத்தானே சொல்லவேண்டும், இவன் எங்கே போகப்போகிறான் என்று இருந்துவிட்டேன். பேர் ஏறாதவனுக்குப் பத்திரமும் இல்லை. பத்திரம் இல்லாதவனுக்கு என்னத்தைச் சொல்வது? சுவரில் ஒட்டியிருந்ததை அவன் வாசித்தானோ என்னவோ. பாய் போட்டிருந்தது வேறு அறையில்.

நாலாம் கட்டிலடியில் போய் நின்றேன்.

"மெடம், எட்டுப் பேருங்க. எட்டுப் பேர்தான் இருக்கணும்னு நீங்க எழுதிக் குடுத்தீங்க, நாங்களும் கையெழுத்துப் போட்டோம், அதுல ஒரு தப்பும் இல்லீங்க. அதுக்கு மேல ஒரு மூணு பேர் இருக்காங்க. இருந்தாங்க. இப்ப ரெண்டு பேர் இருக்காங்க."

மெடம் கண்ணைத் திறந்தார். "மூண்டாவது ஆள்?"

"அட்டனுக்குப் போயிட்டாங்க. மிலாறு பொறுக்கத்தான் அனுப்புனேன், ஆனா..."

"எத்தினை நாள் எடுக்காமல்?"

"பதினொண்ணு."

"அவனுக்குச் சொன்னதோ?"

பயம் வந்தால் நிற்காத என் வாய் அந்த ஒரு கேள்விக்கு நின்றுவிட்டது. அதற்குள் அவர் எழுந்து செருப்பைப் போட்டுவிட்டார்.

ஆட்டோவில் போனோம். என் வாய் திரும்ப ஓடத் தொடங்கியது. அட்டன் பொலிசுக்குச் சொல்லிவிடலாம், ஸ்டேஷனில் தெரிந்த பையன்கள் நாலு பேர் இருக்கிறார்கள், அமுக்கிப் பிடித்து இதே ஆட்டோவில் போட்டுவிடலாம் என்று திட்டம் மேல் திட்டம் போட்டேன்.

"அவன் களவெடுத்தவனோ?" என்றார் மெடம்.

"இல்லீங்க."

"ஆரையும் அடிச்சவனோ?"

"இல்லீங்க மெடம், ரொம்ப சாதுவான பையன்."

"கையெழுத்து வைச்சவனெண்டாலும் எழும்பிப் போகலாம் தம்பி. இவன் கையெழுத்தும் வைக்கேல்லை. இதிலை பிடிக்கப்பட வேண்டிய ஆள் ஆரெண்டு பார்த்தால் நீர்தான்."

ஆட்டோக்காரன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அவனும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்த மாதிரி எனக்குப் பட்டது.

அட்டன் ஸ்டேஷனில் லோகு மேடையின் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். மிலாறுச் சாக்கை இன்னும் வைத்திருந்தான். கொழும்புக்கு விறகு கொண்டுபோகிற முதல் ஆள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டான். மெடம் என்னைக் கையால் நிறுத்திவிட்டுத் தனியாகப் போனார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அவன் தலையை ஆட்டுவது மட்டும் தெரிந்தது. ரயில் வந்தது. அவன் ஏறினான். ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு மெடமும் ஏறினார்.

"மெடம்," என்று ஓடினேன்.

"நீர் வராதேயும்," என்றார் வாசலில் நின்றபடி.

அப்போதுதான் அவரைப் பற்றி நான் உண்மையில் பயந்தேன். ஒரு ஆளைக் காணவில்லை என்று சொல்லப்போய் இப்போது இரண்டு ஆளைக் காணவில்லை, அதில் ஒன்று அரசாங்கம். ஆட்டோக்காரனிடம், "ரயிலுக்குப் பின்னால விடுப்பா," என்றேன். "தண்டவாளத்துலயா சார்?" என்று கேட்டான். ரோட்டிலேயே விட்டோம். ரொசெல்லையில் இறங்கி ஸ்டேஷனுக்குள் ஓடினேன். ரயிலின் பின்பக்கம்தான் கிடைத்தது. திரும்ப ஓடிவந்து ஏறினேன். மழை பிடித்தது. ஒரு லொறி வழிவிடவில்லை. சினிமாவில் இப்படித் துரத்துகிறவன் கையில் துப்பாக்கி இருக்கும். என் கையில் மெடத்தின் குடைதான் இருந்தது.

வட்டவளை ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயில் போய்விட்டிருந்தது. மேடையில் வாங்கில் இரண்டு பேரும் இருந்தார்கள். நடுவில் மிலாறுச் சாக்கு. மெடம் ஒரு வடையைத் தின்றுகொண்டிருந்தார். லோகு முழங்கையைத் தொடையில் ஊன்றிக் குனிந்து இருந்தான்.

ஸ்டேஷன் பீலியில் முகம் கழுவிக்கொண்டே அவன் என்னிடம் சொன்னான்.

"ஒண்ணும் பெருசா பேசல சார் அந்தம்மா. முந்தி எவ்வளவு எடுப்பேன்னு கேட்டாங்க. சொன்னேன். இன்னைக்கு அவ்வளவு எடுத்தா செத்துருவன்னாங்க. எப்படீன்னும் சொன்னாங்க. என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். யாரும் சொல்லலையான்னு கேட்டாங்க. இல்லன்னேன்."

"அப்புறம்?"

"ஒரு தாள எடுத்தாங்க. தம்பி, நீர் போறதெண்டால் போம், ஆனா ஏதும் நடந்தா நாங்க ஆருக்கு அறிவிக்கிறது, பேரும் விலாசமும் எழுதித் தாரும்னாங்க. மெரட்டல சார். சும்மா பஸ்ஸுக்கு டிக்கட் கேக்குற மாதிரித்தான் கேட்டாங்க. அக்கா பேரு எழுதுனேன். தோட்டத்துப் பேரு எழுதுனேன். லய நம்பர் வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல கை ஓடல. ரயிலு நின்னுச்சு. எறங்கிட்டேன்."

ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு திரும்பினோம். நான் மட்டும் பேசினேன். நல்லபடியாக முடிந்தது, சாமி காப்பாற்றியது, இனிமேல் இப்படி நடக்காது, இந்த மழை விடாது என்று.

மையத்துக்கு வந்து மேசையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் எழுதினார். எழுதியதைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அனுமதி மறுக்கப்படுகிறது. பதியப்படாத மூவர். பரிசோதனையிலிருந்து மறைத்தமை. அபாயம் அறிவிக்காமை.

"மெடம், அவன்தான் திரும்பி வந்துட்டானே."

"அவன் வந்தவன்," என்றார். "நீர் கொண்டுவரேல்லை."

டொக்டர் ஐயா ஒரு மூலையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மெடம் தோட்டத்து ஒபிசுக்கு நடந்து போய் டெலிபோன் எடுத்தார். கண்டியில் அரசாங்க மையத்தில் இடம் கேட்டு, மறுநாள் வேன் வர ஏற்பாடு செய்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் அட்டனுக்குப் போனார். காலை முதல் பஸ்ஸில் திரும்ப வந்தார். முகம் வெளுத்திருந்தது. சத்தியெடுத்திருப்பார்.

"பதினொரு பேரையும் தனித்தனியா கேளும்," என்றார். "கண்டிக்குப் போறானோ, வீட்டை போறானோ. அவனவன்தான் சொல்லவேணும். எங்கை போனாலும் அந்த விசயத்தைச் சொல்லிப்போட்டுக் கையெழுத்து வாங்கும். நான் இதிலை இருக்கிறன்."

முதல் ஆளிடம், "வெளிய போனா கவனமா இருங்க, பழைய அளவு எடுத்தா ஏதாவது ஆயிடலாம்," என்றேன்.

மூலையில் இருந்து மெடத்தின் குரல், "என்ன ஆகும்?" என்று கேட்டது.

"மெடம்?"

"ஏதாவது எண்டால் என்ன? தடிமனோ காய்ச்சலோ?"

ஒருத்தன் முகத்துக்கு நேரே சாவு என்று சொல்வதில்லை நாங்கள். அவர் காத்திருந்தார். சொன்னேன். அந்த ஆள் என்னைப் பார்த்தான். திருப்பிச் சொன்னான். கையெழுத்து வைத்தான்.

இரண்டு பேர் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். நான் மெடத்தைப் பார்த்தேன். அவர் அவர்களுடைய பத்திரத்தை என் பக்கம் தள்ளினார். வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, அவர்களுக்கும் சொல்லி, அனுப்பினோம். அவர்கள் பாதையில் இறங்கிப் போவதைப் பார்க்க, பின்னால் ஓடி மறிக்கவேண்டும்போல் இருந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கண்டிக்கு என்றார்கள். ஒவ்வொருவனுக்கும் சொன்னேன். நாலைந்து பேர் கழிந்த பிறகும் அது வாய்க்குப் பழகவில்லை.

கடைசி ஆள் லோகு. கண்டி என்றான். வேன் வந்து ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. பத்திரத்தை அவன் முன்னால் வைத்தேன்.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமேப்பா. மெடம் ரயில்லயே சொல்லிட்டாங்க. கையெழுத்தப் போடு, வேன் நிக்குது."

அவன் பேனையை எடுத்தான். பிறகு கீழே வைத்துவிட்டான்.

"நீங்க சொல்லுங்க சார்."

"தெரியும்தானே உனக்கு?"

"தெரியும். நீங்க சொல்லுங்க."

நான் மெடத்தைப் பார்த்தேன். அவர் வேன்காரனுக்குக் கை காட்டி ஹோர்னை நிறுத்தினார். நான் கதிரையை இழுத்துப்போட்டு, அவனுக்கு நேரே உட்கார்ந்து, முதலில் இருந்து சொன்னேன். பதினொரு நாள் என்றேன். உன் உடம்பு பழைய உடம்பு இல்லை என்றேன். பழைய அளவு எடுத்தால் மூச்சு நின்றுவிடும், நீ செத்துப்போவாய் லோகு என்றேன். நடுவில் ஓரிடத்தில் என்னால் தொடர முடியவில்லை. அவன் அவசரப்படுத்தாமல் காத்திருந்தான். மிச்சத்தையும் நான் சொல்லி முடித்த பிறகுதான் பேனையைத் திரும்ப எடுத்தான்.